ஏடிவி போடும் சத்தங்கள்: கேட்டு, பிரித்து, கோளாறைப் பிடிக்கும் வழி

மலைத் தோட்டங்களில் மூட்டை ஏற்றி இழுக்கும் ஏடிவிகளையும் (கரடுமுரடான தரையில் ஓடும், ஹேண்டில்பார் வைத்த திறந்த நாலு சக்கர வண்டி), கடற்கரையில் சவாரிக்கு ஓடும் ஏடிவிகளையும் பழுது பார்ப்பது என் வேலை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "அண்ணே, முன்பக்கம் எங்கேயோ டக்கு டக்குன்னு சத்தம் வருது." அந்த 'எங்கேயோ'வை நான் கணக்கில் எடுப்பதில்லை. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற வண்டி இது. பின் ஆக்ஸிலில் பிறக்கிற சத்தம் குழாய் வழியாக ஓடிவந்து ஹேண்டில்பாருக்குக் கீழே கேட்கும்.

ஒரு தோட்டத்து வண்டிக்கு இடது முன்சக்கரப் பேரிங்கை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். இரண்டு முறையும் உறுமல் போகவில்லை. என்னிடம் வந்தபோது பார்த்தால் போயிருந்தது வலது பின்சக்கரப் பேரிங். மாற்றியவர் காதில் குறையில்லை, சத்தம் அங்கேதான் கேட்டது. ஆனால் அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று அவர் பார்க்கவில்லை. இரண்டு பேரிங் காசும் இரண்டு நாள் கூலியும் வீண்.

அதனால் நான் கேட்பதெல்லாம் 'எப்போது' என்றுதான். எஞ்சின் சுற்றும்போதா, சக்கரம் சுற்றும்போதா? த்ராட்டில் அழுத்தும்போதா, விடும்போதா? திருப்பும்போதா? குழியில் இறங்கும்போதா? காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் வண்டி எந்த வகை?

எல்லா ஏடிவியும் ஒரே மாதிரி சக்தியைச் சக்கரத்துக்கு அனுப்புவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் இதற்கு மேல் படிப்பதில் பயனில்லை.

போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன், கேன்-ஆம் அவுட்லேண்டர், சிஎஃப்மோட்டோ போன்றவற்றில் ரப்பர் பெல்ட் உண்டு. ஸ்கூட்டரில் இருக்கிற வேரியேட்டர் முறைதான் (முன், பின் இரண்டு கப்பிகளுக்கு நடுவே பெல்ட் ஓடும்), அளவில் பெரியது. யமஹா கிரிஸ்லி, கோடியாக் வண்டிகளிலும் பெல்ட்தான். ஆனால் அதில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். வண்டியை நகர்த்துவதும் நிறுத்துவதும் எண்ணெயில் முங்கிய ஒரு தனி கிளட்ச். ஹோண்டா ராஞ்சர், ஃபோர்மேன் வண்டிகளில் பெல்ட்டே கிடையாது, பைக் போலப் பல்சக்கர கியர்தான். யமஹா ராப்டர் போன்ற பந்தய ரகங்களில் பின்னால் செயின் ஓடும். ராஞ்சர் வைத்திருப்பவர் பெல்ட் சத்தத்தைத் தேடக்கூடாது, ஸ்போர்ட்ஸ்மேன் வைத்திருப்பவர் செயினைத் தேடக்கூடாது. வாடகைக்கு ஓட்டுகிற பையன்களுக்கு இது தெரியாமல் இருக்கும், சொல்லிக்கொடுங்கள்.

சத்தத்தைப் பிரிக்கும் நான்கு சோதனைகள்

முதல் சோதனை: வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சின் வேகத்தை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சத்தம் வந்தால் எஞ்சின், சைலன்சர், ஃபேன், பெல்ட்டின் முன் கப்பி என்று எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறவைதான் காரணம். சக்கரப் பக்கம் போக வேண்டாம்.

இரண்டாவது: லேசான சரிவில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், நியூட்ரலில் எஞ்சினை அணைத்து உருளவிடுங்கள். ஹைட்ராலிக் பிரேக் எஞ்சின் இல்லாமலும் பிடிக்கும். பவர் ஸ்டியரிங் இருக்கும் வண்டியில் ஹேண்டில் மட்டும் கனமாகும். எஞ்சின் ஓசை இல்லாத அந்த அமைதியில் ஒரு முனகலோ டக்டக்கோ கேட்டால் அது சக்கரம், ஆக்ஸில், டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி), பிரேக் இவற்றில் ஒன்று. எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான். பத்து நிமிடம் தலையைப் பிய்த்துக்கொள்கிற சந்தேகத்தை இருபது அடி உருட்டலில் தீர்த்துவிடும்.

மூன்றாவது: ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டே த்ராட்டிலை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். பளு மாறும்போது சத்தம் மாறினால் பல்சக்கரம், பெல்ட், கிராஸ் ஜாயின்ட் (ஷாஃப்டை மடங்கவிட்டு இணைக்கும் மூட்டு) பக்கம் போகலாம். மாறவே இல்லையென்றால் பேரிங் அல்லது டயர்.

நான்காவதுக்கு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டு, சமதரையில் வண்டியைக் கையால் தள்ளுங்கள். 25 அங்குல டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் நகரும். கோடு ஒரு முறை கீழே வரும்போது டக் ஒரு முறை கேட்டால் சக்கரத்தோடு சுற்றுகிற பொருள்: ஹப், டிஸ்க், ஆக்ஸில். ஒரு சுற்றுக்குள் மூன்று, நான்கு முறை கேட்டால் அது டிஃபரன்ஷியலுக்கு முன்னால் இருக்கிற புரப்பெல்லர் ஷாஃப்ட் (சக்தியை டிஃபரன்ஷியலுக்குக் கொண்டுபோகும் தண்டு) அல்லது அதன் நுனியில் இருக்கிற சின்னப் பல்சக்கரமான பினியன். ஷாஃப்ட் சக்கரத்தை விட அத்தனை மடங்கு வேகமாகச் சுற்றுவதுதான் காரணம்.

கேட்டதும் அணைக்க வேண்டியவை

வீடு வரைக்கும் ஓட்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணக்கூடாத சத்தங்கள் சில உண்டு. எஞ்சின் அடியிலிருந்து கனமாக வரும் டொக் டொக். பெல்ட் பெட்டிக்குள் சாட்டை அடிப்பது போன்ற சடசட. பிரேக் பிடிக்கும்போது இரும்பும் இரும்பும் உரசும் கர்ர்ர். முன்சக்கரம் ஆடுவதோடு சேர்ந்து வரும் டங் டங். இவற்றில் எது கேட்டாலும் அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு, இழுத்து வர ஏற்பாடு செய்யுங்கள். பால் ஜாயின்ட் (முன்சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) கழன்று முன்சக்கரம் மடிந்தால் வண்டி குப்புறக் கவிழும். ஏடிவிக்குக் கூரை கிடையாது.

இன்னொன்று. சத்தம் தேடுகிறேன் என்று பெல்ட் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சின் வேகத்தை ஏற்றாதீர்கள். அறுந்த பெல்ட் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

லொட லொட, கிணு கிணு

பெரிய கோளாறைத் தேடுவதற்கு முன் சின்னதைத் தீர்த்துவிடுவோம். லக்கேஜ் ரேக் போல்ட், பிளாஸ்டிக் மட்கார்டு கிளிப், சைலன்சரின் வெப்பத் தகடு, பேட்டரிப் பட்டை, கருவிப் பெட்டிக்குள் உருளும் ஸ்பேனர். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள் (சூடான தகட்டைக் கையால் தொடாமல் மரக்கட்டையால்). அழுத்தியதும் நின்றால் அதுதான். அடித்தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கிய கூழாங்கல்லும் இதே சத்தம் போடும். தகட்டைக் கழற்றி, சேற்றைத் தட்டிவிடுங்கள்.

டிக் டிக் டிக்: எஞ்சின் மேல்பக்கம்

தையல் மெஷின் ஓடுவது போல மெல்லிய, சீரான டிக் டிக். மெக்கானிக் பாஷையில் டேப்பட் சத்தம். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் சைலன்சர் வாய்க்குப் பின்னால் கையை நீட்டினால் புகை 'பட் பட்' என்று உள்ளங்கையில் படும். ஒவ்வொரு பட்டுக்கும் ஒரு டிக் என்று சேர்ந்து வந்தால் வால்வுப் பக்கம். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றும்போது வால்வு ஒரு முறைதான் திறக்கும், புகையும் ஒரு முறைதான் வரும். அதனால் இரண்டும் ஜோடியாகக் கேட்கும்.

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகு ஃபீலர் கேஜ் (மெல்லிய தகடுகள் கொண்ட அளவி) விட்டு, வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பார்த்து, உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். இன்னொரு வண்டியின் அளவை வைக்கவே கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். லேசாக டிக் டிக் என்கிற டேப்பட்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சத்தமே போடாத டேப்பட்டைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். வால்வு சீட் தேயத் தேய இடைவெளி குறையும், சத்தமும் குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் ஒழுகும், காலையில் ஸ்டார்ட் ஆகாது, வால்வு கருகும். "முன்னெல்லாம் சத்தம் போடும், இப்போ ரொம்ப ஸ்மூத்" என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் அன்றே கேஜை எடுத்துவிடுவேன்.

டேப்பட் போலவே கேட்டு ஏமாற்றுகிற இன்னொன்று, சைலன்சர் பைப் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் கசிவு. எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லி அனுப்பிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. பைப்பின் இரண்டு நட்டில் ஒன்றைக் காணவில்லை. நட்டும் புது கேஸ்கட்டும் போட்டதும் டிக் டிக் நின்றது. சோதிப்பது எளிது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, உடனே இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை பொங்குகிற இடம் கசிவு. அந்த இடத்தில் கரும்புகைப் படிவும் கோடாகத் தெரியும். த்ராட்டிலை விட்டதும் சைலன்சர் 'பட் படார்' என்று வெடித்தாலும் முதலில் இந்தக் கசிவைத்தான் பாருங்கள். கசிவு வழியாக உள்ளே போன காற்றில் எரியாத பெட்ரோல் பற்றிக்கொள்கிறது.

டொக் டொக்: எஞ்சின் அடிப்பக்கம்

டிக் டிக்கை விட ஆழமானது, மரச்சுத்தியலால் அடிப்பது போல. ஏற்றத்தில் பளு ஏறும்போது பெரிதாகும். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினின் அடிப்பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்துங்கள். சுற்றுகிற எதுவும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள். மேலே வைத்தால் மங்கலாகவும் கீழே வைத்தால் மண்டையில் இடிப்பது போலவும் கேட்டால் கனெக்டிங் ராடின் (பிஸ்டனைக் கீழே இணைக்கும் தண்டு) கீழ்முனையில் இருக்கிற பிக் எண்ட் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

அணைத்துவிட்டு எண்ணெயை வடியுங்கள். ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசையாக மட்டும் இருந்தால் வழக்கமான தேய்மானம். மீன் செதில் போல மினுங்கும் துணுக்குகள் விரலில் நெருடினால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. ராடு முறிந்து எஞ்சின் பெட்டியையே துளைத்துக்கொண்டு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேரிங் செலவில் முடிந்திருக்க வேண்டியது, எஞ்சின் விலையில் முடிந்தது.

குளிர்ந்த எஞ்சினில் காலிக் குடத்தைத் தட்டுவது போலக் கேட்டு, நான்கைந்து நிமிடத்தில் சூடேறியதும் மறைந்தால் அது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுகிற சத்தம். பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி அடைந்துவிடும். உடனடி ஆபத்து இல்லை. எண்ணெய் குறைகிறதா, நீலப் புகை வருகிறதா என்று கண் வைத்திருங்கள்.

கட கட, சில்லறை குலுக்கல்

ஸ்டார்ட் செய்ததும் சில நொடி, அல்லது த்ராட்டிலை விட்டதும் எஞ்சினின் ஒரு பக்கத்தில் செயின் பெட்டியில் அடிப்பது போலக் கட கட என்றால் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும். முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். எண்ணெய் குறைந்தாலே செயின் சத்தம் கூடும். தள்ளிப்போடாதீர்கள், செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி எஞ்சின் அசையவில்லை, நடுநடுவே கர்ரக் என்கிறது என்றால் ஸ்டார்ட்டரின் ஒருவழி கிளட்ச் நழுவுகிறது.

ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும் தகர டப்பாவில் சில்லறை குலுக்குவது போலக் கேட்டால், பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கிறது. மலை வண்டிகளில் இதற்கு நான் அடிக்கடி காண்கிற காரணம் சேறு அடைத்த ரேடியேட்டர்தான். முன்பக்கம் கழுவியதுபோலப் பளபளவென்று இருக்கும், ஃபின்களுக்கு நடுவே மண் சிமெண்டாக இறுகியிருக்கும். பின்பக்கமிருந்து முன்பக்கமாக, அழுத்தம் குறைவான தண்ணீரில் கழுவுங்கள். பெரிய வாட்டர் கன்னை வைத்தால் ஃபின்கள் மடிந்துவிடும். அடைப்பு இல்லையென்றால் பழைய பெட்ரோல், பெட்ரோல் வரத்துக் குறைவு, பிஸ்டன் தலையில் கரி என்று வரிசையாகப் பாருங்கள்.

கிரீச், தட் தட், ரப்பர் கருகும் வாடை: பெல்ட்

பெல்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். நான் பார்க்கிற வண்டிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கின்றன.

தண்ணீரைக் கடந்த பிறகு எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை, கிரீச் என்கிறது என்றால் பெல்ட் நனைந்திருக்கிறது. பெட்டியின் அடியில் இருக்கிற வடிகால் மூடியைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். நியூட்ரலில் எஞ்சினைச் சற்று ஏற்றி இறக்கி, காற்றோட்டத்தில் காயவிடுங்கள். நனைந்த பெல்ட்டோடு த்ராட்டிலை அழுத்தி இழுக்க வைத்தால் நழுவி நழுவிச் சூடேறி, பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளக்கும். அப்படி ஆன பெல்ட் காய்ந்தாலும் பிடிக்காது.

கிளம்பும்போது மட்டும் தட்... தட்... தட் என்று உதறி, வேகம் ஏறியதும் போய்விடுகிறதா? பெல்ட்டில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து இடை ஒடுங்கியிருக்கும். சக்கரம் சேற்றில் சிக்கி அசையாதபோது த்ராட்டிலை அழுத்திக்கொண்டே இருந்தால், முன் கப்பி சுற்ற, பெல்ட் நிற்க, ஒரே இடம் உராய்ந்து எரியும். ஒவ்வொரு முறை அந்த ஒடுங்கிய இடம் கப்பிக்குள் நுழையும்போதும் வண்டி ஒரு உதறு உதறும். பெல்ட்டைக் கழற்றிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு முழுச் சுற்றும் நகர்த்திப் பாருங்கள். ஒடுக்கம் விரலில் சட்டென்று தட்டுப்படும். அந்தப் பெல்ட்டுக்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

புதுப் பெல்ட் போடும்போது கப்பியின் முகங்களை அசிட்டோனால் துடையுங்கள், விரல் எண்ணெய்கூடப் படக்கூடாது. பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசையில் வையுங்கள். முதல் 50 கிலோமீட்டருக்குப் பளு ஏற்றாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பழைய பெல்ட் அறுந்திருந்தால் அதன் நூல் கப்பிக்குப் பின்னால் ஷாஃப்டில் சுற்றியிருக்கும். அதைக் கொக்கியால் ஒவ்வொரு இழையாக எடுங்கள். விட்டுவிட்டால் ஆயில் சீலை அறுத்துவிடும். காற்று வெளியேறும் குழாயிலும் ரப்பர்த் துண்டுகள் அடைத்திருக்கும். அதைப் பார்க்காமல் மூடிவிட்டால் புதுப் பெல்ட்டும் சூட்டில் சீக்கிரம் போகும்.

மூட்டையோடு ஏறும்போதும், மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைவாக ஊர்ந்து போகும்போதும் லோ கியரைப் போடச் சொல்லி ஓட்டுநர்களை வற்புறுத்துங்கள். ஹை கியரில் ஊர்ந்தால் பெல்ட்தான் எரியும்.

சீரான, மெல்லிய கர கர சத்தம் ஐடிலில் வந்து, த்ராட்டில் கொடுத்ததும் மறைந்தால் முன் கப்பிக்குள் இருக்கிற ரோலர்களும் புஷ்களும் தேய்ந்திருக்கும். கடற்கரை மணலில் ஓடுகிற வண்டிகளில் இது சீக்கிரம் வரும். ஏர் ஃபில்டர் மாற்றுகிற நாளிலேயே பெல்ட் பெட்டியைத் திறந்து தூசியை ஊதிவிடுவது என் வழக்கம்.

கியர் போடும்போது கர்ரக்

வண்டி முழுதாக நின்ற பிறகுதான் லோ, ஹை, ரிவர்ஸ் மாற்ற வேண்டும். நின்ற பிறகும் கர்ரக் என்றால் ஐடில் வேகத்தைப் பாருங்கள். மேனுவல் சொல்வதற்கு மேல் இருந்தால் கப்பி பெல்ட்டைப் பற்ற ஆரம்பித்திருக்கும், உள்ளே கியர் சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடில் சற்று அதிகமாகவே இருக்கும். அது இறங்குகிற வரை காத்திருந்து போடுங்கள். சரிவில் நிறுத்தி எடுக்கும்போது கியர் இறுகிக்கொண்டால் வண்டியை முன்னும் பின்னும் லேசாக அசைத்து மாற்றுங்கள், காலால் உதைத்து மாற்றக்கூடாது.

திருப்பும்போது டக் டக் டக்

ஹேண்டிலை முழுதாக ஒடித்து, ஃபோர் வீலில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில்) த்ராட்டில் கொடுத்தால் வேகமான டக் டக். முன் ஆக்ஸிலின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் சக்தியைக் கடத்தும் மூட்டு). சக்கரத்தின் உள்பக்கம், ஏ ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) மேலே கிரீஸ் சிதறிக் கறுப்பாக அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்பியிருந்தால் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. கிழிந்ததும் கவனித்தால் பூட்டையும் கிரீஸையும் மாற்றித் தப்பிக்கலாம். டக் டக் தொடங்கிய பிறகு ஜாயின்ட்டே போன மாதிரிதான். வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் போட்டிருந்தால் ஜாயின்ட்டின் கோணம் கூடி இது இன்னும் சீக்கிரம் வரும். தோட்ட வேலைக்கு லிஃப்ட் கிட் போடவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு, அல்லது டிஃபரன்ஷியலைப் பூட்டிக்கொண்டு திருப்பினால் டயர் உராய்ந்து துள்ளுவது கோளாறு இல்லை. மண்ணில் நழுவ வேண்டிய டயர் தாரில் நழுவ முடியாமல் தவிக்கிறது. டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள்.

போலாரிஸ் வண்டிகளின் முன் டிஃபரன்ஷியல் வேறு மாதிரி. பின்சக்கரம் வழுக்கினால்தான் உள்ளே உருளைகள் சிக்கி முன்சக்கரத்தைப் பிடிக்கும். இதில் தேய்மானமோ தவறான எண்ணெயோ இருந்தால், பிடிக்கப் பார்த்து நழுவுகிற கட் கட் சத்தம் வரும். அந்தப் பெட்டிக்கென்று சொல்லப்பட்ட எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். டயர் காற்றையும் பாருங்கள். முன்பின் டயர்களின் சுற்றளவு மாறினாலும் இது தேவையில்லாமல் பிடித்து விடும். ஏடிவி டயர்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐதான். கார் கேஜில் அது சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஙொய்ய்ய், உறுமல், குருவிச் சத்தம்

வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற உறுமல், த்ராட்டிலை விட்டாலும் மாறாதது: சக்கரப் பேரிங். சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் ஷாக் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். காதுக்குக் கேட்காத நெருடல்கூட ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். நல்ல பேரிங்கில் ஸ்பிரிங் அமைதியாக இருக்கும், கெட்டதில் மணல் அரைபடுவது போல நடுங்கும். நான்கு சக்கரத்தையும் இப்படிப் பாருங்கள். முதலில் சொன்ன அந்த வண்டியின் வலது பின்சக்கரத்தை நான் கண்டுபிடித்தது இப்படித்தான். வாட்டர் கன்னை ஹப்புக்கு நேராகப் பிடித்துக் கழுவுகிற பழக்கத்தை மட்டும் நிறுத்தினால் பேரிங் ஆயுள் கூடும். தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸை அரித்துவிடும்.

த்ராட்டில் கொடுத்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்று ஙொய் மாறினால் டிஃபரன்ஷியலின் கிரவுன், பினியன் பல்சக்கரங்கள். எண்ணெயை வடித்து, மூடியில் இருக்கும் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். மை போன்ற படிவம் சாதாரணம். ஊசி ஊசியாகத் துணுக்கு இருந்தால் பல் உதிர்கிறது.

மெதுவாகப் போகும்போது கீச் கீச் என்று குருவி கத்துகிற சத்தம் வண்டிக்கு அடியிலிருந்து வந்தால் புரப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் காய்ந்திருக்கிறது. உள்ளே கிரீஸ் போய்த் துரு பிடித்திருக்கும். இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் குருவிச் சத்தம் நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி உருளைகள் பொடியாகிவிட்டன, அடுத்து கிளம்பும்போதும் நிற்கும்போதும் டங் என்று இடிக்கும். எஞ்சினை அணைத்து, ஷாஃப்டைக் கையால் முறுக்கினால் ஆட்டம் தெரியும். ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லை, ஆனாலும் டங் வருகிறது என்றால் ஷாஃப்ட் நுனியின் பல்வரிசை காய்ந்திருக்கும், கிரீஸ் வைத்தால் போதும்.

குழியில் இறங்கினால் டங், டொக்கு

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இன்னொருவரை ஜாயின்ட்டைப் பார்க்கச் சொன்னால் எது என்று தெரிந்துவிடும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? டை ராட் (ஹேண்டிலின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) நுனி. இரண்டும் இறுக்கமாக இருந்தால் ஏ ஆர்மின் புஷ், ஷாக்கின் மேல்கீழ் போல்ட். புஷ் காய்ந்தால் பழைய கதவு போலக் கிரீச்சிடும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் வெளியே வழிகிற வரை அடியுங்கள்.

பிரேக்

கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் தூசிதான், கழுவினால் போய்விடும். பிரேக் பிடிக்காதபோதும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை சர்ரக் என்று உரசினால் டிஸ்க்குக்கும் காலிப்பருக்கும் நடுவே கல் இருக்கிறது. பிடிக்கும்போது கர்ரென்று அரைத்தால் பேட் தீர்ந்து பின்தகடு டிஸ்க்கைத் தின்கிறது. பேடின் உராய்வுப் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் குறைவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். சேற்றில் ஓடும் வண்டியில் பேட் தேய்கிற வேகம் யாரும் எதிர்பார்க்காதது.

செயின் வண்டிகள்

ஸ்விங் ஆர்ம் (பின் ஆக்ஸிலைத் தாங்கும் கை) மேல் செயின் அடிக்கிற சலக் சலக் வந்தால் தளர்ச்சியைச் சரிசெய்து, அடியில் இருக்கிற பிளாஸ்டிக் சறுக்குத் தகட்டையும் பாருங்கள். தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால் செயின் நேராக அலுமினியத்தை அறுக்கும்.

டிக் என்று ஒரே ஒரு சத்தம், ஸ்டார்ட் ஆகவில்லை

ரிலே தட்டுகிறது, மோட்டாருக்குக் கரண்ட் போதவில்லை. பேட்டரி முனைகளை முதலில் சுத்தம் செய்து இறுக்குங்கள். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது 9-க்கும் கீழே சரிந்தால் புதுப் பேட்டரிதான். சாவி போட்டதும் டேங்கிலிருந்து இரண்டு நொடி கேட்கிற விர்ர் பெட்ரோல் பம்ப், அது வர வேண்டிய சத்தம். வரவில்லையென்றால்தான் கவலை.

ஓடையைக் கடந்த மறுநாள்

நேற்று தண்ணீரில் இறக்கிய வண்டி இன்று புதிதாக முனகுகிறது என்றால், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எஞ்சின், கியர் பாக்ஸ், இரண்டு டிஃபரன்ஷியல் எல்லாவற்றின் எண்ணெயையும் பாருங்கள். சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, காற்றுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சில நிமிடம் மெதுவாக ஓட்டி, மறுபடி வடியுங்கள். நிறம் தெளிகிற வரை, மூன்று முறை ஆனாலும் சரி, மாற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் காற்றுக்குழாயின் நுனியைத் தேடிப்பிடித்து வாயால் ஊதுங்கள், சேறு வெளியே வரும்.